அமெரிக்க சென்ட்களில் எந்தப் புரூஃப் நாணயம் மிக அரிது? என்னிடம் கண்ணாடி போல் மின்னும் 1909 வி.டி.பி. சென்ட் ஒன்று இருக்கிறது, அது புரூஃபா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கண்ணாடி போல் மின்னுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது அநேகமாகப் புரூஃப் இல்லை, யாரோ பிற்காலத்தில் பாலிஷ் போட்ட சாதாரணக் காசு. உங்களுடையது ஆபிரகாம் லிங்கன் தலை பொறித்த சென்ட். 1909-ல் வந்த லிங்கன் புரூஃப் மின்னாது. அதுதான் அதன் அடையாளமே.

புரூஃப் என்பது நாணயத்தின் தரத்தைக் குறிக்கும் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது தயாரிப்பு முறையின் பெயர். சேகரிப்பவர்களுக்கென்று தனி அச்சுகளைத் தயார் செய்து, தேர்ந்தெடுத்த தகடுகளில், அதிக அழுத்தத்தில் நிதானமாக அடிப்பது. 19-ம் நூற்றாண்டில் அச்சைப் பளபளவென்று தேய்த்து அடித்தார்கள். அதனால் லிங்கனுக்கு முந்தைய, இறகுத் தலையணி அணிந்த தலை பொறித்த இந்தியன் ஹெட் சென்ட்டின் புரூஃப்களில் முகம் பார்க்கலாம்.

லிங்கன் சென்ட்டை வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னர் பதக்கங்கள் செய்து பழகியவர். வி.டி.பி. என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள். அவருடைய வடிவத்தில் லிங்கனின் தலையைச் சுற்றியுள்ள வெற்றிடம் சமதளமாக இல்லை, லேசாக வளைந்திருக்கும். வளைந்த பரப்பைக் கண்ணாடி போல் தேய்ப்பது கடினம். பாரிஸ் நாணயச்சாலை வழியாக அப்போது செல்வாக்குப் பெற்றிருந்த மேட் முறையை பிலடெல்பியா நாணயச்சாலையும் கையில் எடுத்தது. மிக நுண்ணிய மணல் படிந்தது போன்ற மங்கலான பரப்பு. 1909 முதல் 1916 வரை வந்த லிங்கன் புரூஃப் எல்லாமே இந்த வகைதான்.

இனி அரிதானது எது என்பதற்கு வருகிறேன். லிங்கன் மேட் புரூஃப்களில் மிக அரிதாகக் கருதப்படுவது 1909 வி.டி.பி. அதற்கு முந்தைய இந்தியன் ஹெட் வரிசையில் 1864 'எல்' புரூஃப். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு எப்போதும் சிலிர்க்கும். இரண்டும் அரிதானது வடிவமைத்தவரின் பெயரெழுத்தால்தான். ஒன்றில் எழுத்தைத் தாமதமாகச் சேர்த்தார்கள், மற்றொன்றில் அவசரமாக நீக்கினார்கள்.

பிரென்னரின் மூன்று எழுத்துகள் காசின் பின்புறத்தில், கோதுமைக் கதிர்களின் காம்புகளுக்கு இடையே, அடியில் இருந்தன. 1909 ஆகஸ்ட் 2-ல் காசு வெளிவந்தது. அந்த எழுத்துகள் கண்ணில் படும்படி இருக்கின்றன, விளம்பரம் போல இருக்கிறது என்று புகார் கிளம்ப, சில நாட்களிலேயே நீக்க உத்தரவு வந்துவிட்டது. 'பி' மட்டும் வைக்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பரின் எழுத்தும் 'பி' என்பதால் அதுவும் நடக்கவில்லை. 1918-ல்தான் லிங்கனின் தோளடியில், லென்ஸ் வைத்தால் மட்டுமே தெரியும் அளவில் திரும்ப வைத்தார்கள். 1909-ல் எழுத்துகளை நீக்குவதற்குள் பிலடெல்பியாவில் சுமார் 2 கோடியே 80 லட்சம் சாதாரண வி.டி.பி. சென்ட்கள் அடித்துவிட்டார்கள். புரூஃப்? பழைய கைநூல்களில் 420 என்றே இருக்கும், இப்போதைய நூல்களில் 1,194. எல்லாரும் தேடி அலையும், சான்பிரான்சிஸ்கோவில் அடித்ததற்கு அடையாளமாக 'எஸ்' எழுத்து உள்ள 1909-எஸ் வி.டி.பி. 4,84,000 அடிக்கப்பட்டது. பெரிய எண்ணான 1,194-ஐ எடுத்துக்கொண்டாலும், 400 எஸ் வி.டி.பி.க்கு ஒரு மேட் புரூஃப்தான்.

1864 கதை இதற்கு நேர் எதிர். இந்தியன் ஹெட்டை வடிவமைத்த ஜேம்ஸ் லாங்கேக்கர் தன் 'எல்' எழுத்தைத் தலையணியின் ரிப்பனில் சேர்த்தபோது ஆண்டின் பெரும்பகுதி ஓடிவிட்டது. அந்த ஆண்டின் புரூஃப்கள் பெரும்பாலும் எழுத்து இல்லாமலே வெளியே போயிருந்தன. 'எல்' உள்ள புரூஃப் இன்று இருபதை ஒட்டித்தான் இருக்கிறது. நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

அடித்த எண்ணிக்கை வேறு, மிஞ்சிய எண்ணிக்கை வேறு. மேட் புரூஃப் அன்றைய சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கினால் மின்ன வேண்டாமா என்று கேட்டார்கள். விற்பனை சரிந்து 1916-ல் வெறும் 1,050-க்கு வந்து நின்றது. அதன்பின் 1936 வரை புரூஃப் சென்ட்டே கிடையாது. மேட் புரூஃப் சாதாரணக் காசு போலவே தெரிவதால் பெட்டியிலிருந்து சில்லறைக்குள் போனவையும் உண்டு. தப்பியவற்றையும் நாணயச்சாலை சுற்றிக் கொடுத்த மெல்லிய காகிதம் விடவில்லை. அதிலிருந்த கந்தகம் செம்பைத் தொட்டு ஊதா, நீலம், பழுப்பு என்று நிறம் மாற்றிவிட்டது. முழுச் சிவப்பாக ஒன்று இன்று கையில் கிடைத்தால் அது நூறு வருடத்துக்கு மேல் யாரோ பத்திரமாகப் பார்த்துக்கொண்ட பொருள்.

நியூ ஜெர்சியில் ஒரு நாணயக் கண்காட்சியில் ஒருவர் 1911 மேட் புரூஃப் என்று ஒன்றை என்னிடம் விற்றார். பிலடெல்பியாவில் அந்த ஆண்டு சாதாரணக் காசு 10 கோடிக்கு மேல், புரூஃப் 1,725. வீட்டில் வந்து லூப் எனும் சிறு உருப்பெருக்கியில் விளிம்பைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. சாதாரணக் காசில் மேல்பரப்பும் பக்கச்சுவரும் சேரும் இடம் தேய்ந்த சோப்புக்கட்டி போல உருண்டிருக்கும். புரூஃபில் அந்த இடம் கத்தியால் வெட்டியது போல் சதுரமாக, விரல் நகத்தில் பிடிபடும் கூர்மையுடன் இருக்கும். என் காசில் அது உருண்டிருந்தது. அன்றிலிருந்து முகப்பைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைத்தான் பார்க்கிறேன். புரூஃப்களைச் சில அச்சுகளிலேயே அடித்ததால், அந்த அச்சுகளில் இருந்த நுண்ணிய கீறல்கள் ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் வரும். விளிம்பு சரியாக இருந்தால் அடுத்து அவற்றை ஒப்பிட வேண்டும்.

உங்கள் காசைத் தயவுசெய்து இனித் துடைக்காதீர்கள். இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்து, விளக்கைச் சாய்த்து வைத்து விளிம்பை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்து இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.