'சார்ஜ்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? எழுதும்போது எங்கே தப்பு வருகிறது?

கேள்வி கேட்டவர் கடலூர்க்காரர். போனுக்கும் சார்ஜ், ஆட்டோவுக்கும் சார்ஜ், போலீஸ் போடுவது சார்ஜ் ஷீட், புது அதிகாரி எடுப்பதும் சார்ஜ். இதையெல்லாம் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்கிறார்.

அகராதி காட்டும் பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டாம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வேலைதான்: சுமை ஏற்றுவது. லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி, 'கார்ரிகாரே' என்றால் வண்டியில் பாரம் ஏற்றுவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. ஸ்பானிய மொழிப் பக்கம் போன கிளை கார்கோ ஆனது. ஆக, கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகத்தில் இறங்கிய கார்கோவும் உங்கள் போனில் ஏறும் சார்ஜும் பங்காளிகள்.

தமிழும் இதே தடத்தில்தான் போகிறது. வரி சுமத்துகிறோம், குற்றம் சுமத்துகிறோம், பொறுப்பைத் தலையில் சுமத்துகிறோம். போனில் சார்ஜ் 'ஏறுது', 'இறங்கிடுச்சு' என்கிறோம். அதனால் சார்ஜ் வரும் வாக்கியத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எது, யார் மேல் ஏறுகிறது?

பீரங்கிக் குழலுக்குள் போடும் வெடிமருந்து அளவுக்கும் சார்ஜ் என்றே பெயர். இதில் கடலூருக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. அப்படி எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றுவிட்டது. சார்ஜ் கொஞ்சம் தாராளமாக இருந்தால் இன்னும் ஒரு ஊர் உள்ளே வந்திருக்கும்! படை திரண்டு எதிரி மேல் பாய்வதும் சார்ஜ்தான். லத்தி சார்ஜ் அந்தக் கிளை. அது நம் நாட்டு ஆங்கிலம், பிரிட்டனில் 'பேட்டன் சார்ஜ்' என்பார்கள்.

இனி பணம். அதிகத் தப்பு நடப்பது இங்கேதான். 'ஆட்டோக்காரர் என்கிட்ட இருந்து இருநூறு ரூபாய் வாங்கினார்' என்பதை மனதில் வைத்துக்கொண்டு 'ஹி சார்ஜ்டு டூ ஹண்ட்ரட் ருப்பீஸ் ஃப்ரம் மீ' என்று எழுதிவிடுகிறோம். 'கிட்ட இருந்து' என்ற தமிழ் 'ஃப்ரம்' ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் பணம் என்னிடமிருந்து போவதாகப் பார்ப்பதில்லை, என் மேல் ஏற்றப்படுவதாகப் பார்க்கிறார்கள். அதனால் ஆளை நேராகப் போட வேண்டும்: 'ஹி சார்ஜ்டு மீ டூ ஹண்ட்ரட் ருப்பீஸ் ஃபார் த ரைடு'. வரிசை இதுதான்: முதலில் ஆள், பிறகு தொகை, பிறகு 'ஃபார்' போட்டுக் காரணம். ஆளுக்கு முன்னால் 'ஃப்ரம்' வராது, 'டு'வும் வராது. 'டு' வருவது கணக்குக்கு முன்னால்: புதுச்சேரியில் ஓட்டலில் தங்கி ராத்திரி சாப்பாட்டை அறைக் கணக்கில் சேர்க்கச் சொல்வதானால் 'சார்ஜ் இட் டு மை ரூம்'.

பெயர்ச்சொல்லாக வரும்போது இன்னொரு சிக்கல். நாம் பஸ் சார்ஜ் என்கிறோம், ஆங்கிலத்தில் அது 'பஸ் ஃபேர்'. பயணத்துக்கு ஃபேர், டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடத்துக்கு ஃபீ, சுங்கச்சாவடிக்கு டோல், பொருளுக்கு ப்ரைஸ். சேவைக்கோ கூடுதல் வசதிக்கோ வாங்குவதுதான் சார்ஜ்: டெலிவரி சார்ஜ், சர்வீஸ் சார்ஜ், எக்ஸ்ட்ரா பெட்டுக்கான சார்ஜ். மீன் அங்காடியில் நின்று 'வாட் இஸ் த சார்ஜ் ஆஃப் திஸ் ஃபிஷ்' என்றால் மீன் என்ன குற்றம் செய்தது என்று தோன்றும். ஆனால் வினைச்சொல்லுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு கிலோ வஞ்சிரத்துக்குக் கடைக்காரர் இவ்வளவு 'சார்ஜ்' செய்தார் என்று தாராளமாக எழுதலாம். இலவசம் என்பது 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்', நடுவில் 'த' வேண்டாம்.

குற்றத்துக்கு வருவோம். ஒரு சின்னச் சொல் மாறினால் அர்த்தமே கவிழ்ந்துவிடும். 'ஹி வாஸ் சார்ஜ்டு வித் தெஃப்ட்' என்றால் அவர் மேல் திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டது. 'சார்ஜ்டு ஃபார் தெஃப்ட்' என்று எழுதினால் திருடிக் கொடுத்ததற்குப் பில் போட்ட மாதிரி இருக்கும். 'சார்ஜ்டு ஆஃப்' என்பது நம் பத்திரிகை ஆங்கிலத்தில் தலைகாட்டும், அது 'அக்யூஸ்டு ஆஃப்' என்பதிலிருந்து தாவி வந்தது. அக்யூஸ் என்றால் 'ஆஃப்', பிளேம் என்றால் 'ஃபார்', சார்ஜ் என்றால் 'வித்'. பெயர்ச்சொல் ஆகிவிட்டால் மட்டும் 'ஆஃப்' சரி: 'அரெஸ்டட் ஆன் எ சார்ஜ் ஆஃப் தெஃப்ட்'. அக்யூஸ் யாரும் யாரையும் செய்யலாம், திண்ணையில் உட்கார்ந்துகூட. சட்டப் பொருளில் சார்ஜ் செய்ய அதிகாரம் வேண்டும். நம் நடைமுறையில் முதலில் எஃப்.ஐ.ஆர்., புலன் விசாரணை முடிந்து போலீஸ் தாக்கல் செய்வது சார்ஜ் ஷீட், அதைப் பார்த்து நீதிமன்றம் சார்ஜ் ஃப்ரேம் செய்யும். சார்ஜ் ஷீட்டைத் தமிழில் குற்றப்பத்திரிகை என்கிறோம். எஃப்.ஐ.ஆர். போட்ட அன்றே 'சார்ஜ்டு' என்று எழுதுவது அவசரம்.

பொறுப்பில் பாதி பேர் தடுக்கி விழும் இடம், ஒரே ஒரு 'த'. 'த நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சைல்டு' என்றால் குழந்தைக்கு நர்ஸ் பொறுப்பு. 'த சைல்டு இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த நர்ஸ்' என்றாலும் அதேதான், சுமக்கிறவரும் சுமையும் இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவே. 'த'வை விட்டுவிட்டால் குழந்தை நர்ஸை மேய்க்கும். 'இவர்தான் இங்க இன்சார்ஜ்' என்று ஆளையே இன்சார்ஜ் ஆக்குவது நம் நாட்டு வழக்கு, இங்கே யாருக்கும் புரியும். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதினால் 'த பர்சன் இன் சார்ஜ்' என்று போடுங்கள். அதே காரணத்தால் 'மை ஃபோன் இஸ் இன் சார்ஜ்' கூடாது. போன்தான் வீட்டை நடத்துகிறது என்று ஆகிவிடும். (பல வீடுகளில் உண்மைதான், இருந்தாலும்.) 'மை ஃபோன் இஸ் சார்ஜிங்' போதும்.

மின்சாரத்தில் ஒரு கணக்கு மட்டும். பேட்டரி மேல் 5000 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருப்பது மின்னூட்டத்தின் அளவு. மின்னூட்டத்தின் அலகு கூலும். ஒரு எம்.ஏ.ஹெச். 3.6 கூலும், ஆக மொத்தம் 18,000 கூலும். இது ஆற்றல் அல்ல. ஆற்றல் வேண்டுமானால் வோல்ட்டால் பெருக்க வேண்டும்: 3.85 வோல்ட் பேட்டரிக்கு 19 வாட் மணிக்குக் கொஞ்சம் மேல். இன்னொரு வேடிக்கை, முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரியின் நிகர மின்னூட்டம் கிட்டத்தட்ட பூஜ்யம். பிளஸ் பக்கம் எவ்வளவு எலக்ட்ரான் குறைகிறதோ அவ்வளவு மைனஸ் பக்கம் சேர்கிறது.

சுமையை இறக்கினால் டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரியில் நோயாளி, சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வரும் தண்ணீர், அடைத்து முடித்த கடன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கோர்ட்டில் மட்டும் கவனம் தேவை. கோர்ட் விசாரணை தொடங்கும் முன்பே போதிய ஆதாரம் இல்லை என்று விட்டால் டிஸ்சார்ஜ், தமிழில் விடுவிப்பு. விசாரணை நடந்து குற்றமற்றவர் என்று தீர்ப்பானால் 'அக்விட்டல்', விடுதலை. இரண்டையும் ஒன்றாக எழுதும் செய்திகள் நிறைய வருகின்றன.

உச்சரிப்பில் 'சார்ஜ்டு' ஒரே வீச்சு, 'சார்ஜெட்' அல்ல. பன்மை 'சார்ஜஸ்' என்று இரண்டு அசை.

புதுச்சேரியில் பிரெஞ்சும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சில் இதே வேரிலிருந்து வந்த 'ஷார்ஜே' பாரம் ஏற்றும், பேட்டரி ஏற்றும், பொறுப்பும் ஒப்படைக்கும். ஆனால் 'இவ்வளவு ரூபாய் வாங்கினார்' என்பதற்கு அது உதவாது, அங்கே 'ஃபேர் பெயே' என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு வாடகை விளம்பரத்தில் 'ஷார்ஜ் கோம்ப்ரீஸ்' என்று இருந்தால் பராமரிப்புச் செலவும் வாடகைக்குள் அடக்கம் என்று அர்த்தம், போன் சார்ஜர் தருவார்கள் என்று அல்ல.