வண்ணம் ஒருவரை நோயின் முடக்கத்திலிருந்து மீட்குமா?

வண்ணங்களே ஆறுதலுக்கு வழியான அரூப ஓவியர் (உருவங்களை அப்படியே வரையாமல் வண்ணத்தாலும் வடிவத்தாலும் படைப்பவர்) எவரேனும் உண்டா என்று கேட்டால், வாஷிங்டனில் வாழ்ந்த அல்மா தாமஸைத்தான் முதலில் சொல்வேன். 35 ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்ற இந்தக் கறுப்பின அமெரிக்கர், 1964-இல் கடுமையான மூட்டுவாதத்தால் முடங்கினார். வாஷிங்டனிலேயே உள்ள ஹாவர்டு (Howard) பல்கலைக்கழகம் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைக்க முன்வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே நின்ற ஹாலி மரத்தின் இலைகளினூடே மாறிக்கொண்டிருந்த ஒளியை ஊன்றிப் பார்த்து, தமக்கென ஒரு புதிய முறையைக் கண்டடைந்தார். பென்சில் கோடுகளை வழிகாட்டியாக வைத்து, சிவப்பும் மஞ்சளும் நீலமுமான சிறு தீற்றல்களை இடைவெளி விட்டு அடுக்கினார்; அவற்றினிடையே தெரியும் வெண்மைதான், என் பார்வையில், அந்த வண்ணங்களுக்கு உயிர் கொடுக்கிறது. மூட்டுவலி அவரை விட்டு நீங்கவில்லை. ஆயினும் ஓவியம் தொடர்ந்தது. 1972-இல், தமது 80-ஆம் வயதில், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி கண்ட முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஆனார்.