பின்சுவர் வியர்க்கிறது, தெர்மாகோல் ஒட்டலாமா?

கோத்தகிரியில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: சரிவை வெட்டிக் கட்டிய கருங்கல் வீடு, பின்சுவர் ஒன்பதடியும் மண்ணுக்குள். எந்நேரமும் சில்லென்று கிடக்கிறது, சுவரெல்லாம் ஓதம், பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை. உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டி ஜிப்சம் போர்டு அடித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்குப் பின்னால் நனைந்திருந்தால் மண்ணில் இருந்து கசிவு. அறையைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் அது உங்கள் சமையல், வெந்நீர், மூச்சுக்காற்று எல்லாம் சேர்ந்த ஆவி. 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 16 டிகிரிச் சுவரில் நீர் பூத்துவிடும், உங்கள் ஊரில் ஆழத்து மண்ணே ஏறத்தாழ அந்தக் குளிர்ச்சியில்தான் இருக்கும்.

கசிவு என்றால் இன்சுலேஷன் (வெப்பத்தடுப்பு) பேச்சே அப்புறம்தான். மேலிருந்து வரும் மழைநீரைத் திருப்ப ஒரு வாய்க்கால், சுவருக்குப் பின்னால் ஜல்லி, அடியில் துளையிட்ட பிவிசி குழாய். ஆனால் சரிவில் சுவரை ஒட்டித் தோண்டுவது விளையாட்டில்லை. இன்ஜினியரிடம் காட்டாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள், மழைக்காலத்தில் கூடவே கூடாது.

எப்படியும் தோண்டுகிறீர்கள் என்றால், அப்போதே வாட்டர்ப்ரூஃபிங்குக்கு மேல் வெளிப்பக்கமாக 2 அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகை, அதாவது தெர்மாகோலைவிடக் கெட்டியான நுரைப் பலகை, பதித்துவிடுங்கள் (கரையான் மருந்தை மறக்க வேண்டாம், பலகையில் கரையான் சுரங்கம் போடும்). வெப்பத்தைத் தடுப்பதில் அது கிட்டத்தட்ட நாலடி தடிமன் செங்கல் சுவருக்குச் சமம். கருங்கல் சுவர் பலகைக்கு உள்ளே, அறைப் பக்கம் இருப்பதால் பகல் சூட்டை இரவுக்குப் பிடித்து வைக்கும். உள்பக்கம் ஒட்டினாலோ கல் இன்னும் குளிரும், இடுக்கு வழியாகப் போகும் ஆவி அதில் பட்டு நீராகும், போர்டுக்குப் பின்னால் பூஞ்சை வளர்வது கண்ணுக்கே தெரியாது.

வார இறுதிக்கு மட்டும் வந்து தங்கும் வீடா? அப்படியானால் என் பதில் கொஞ்சம் மாறும். அவ்வளவு கல்லும் சூடேறுவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள் என்பதால், கசிவை முழுசாக நிறுத்திய பிறகு உள்பக்கம் எக்ஸ்.பி.எஸ். ஒட்டலாம், இடுக்கெல்லாம் அடைத்து.

கூரை பற்றி நீங்கள் எழுதவில்லை. மேலே வெறும் தகரமோ காங்கிரீட்டோ என்றால் இருக்கிற பணத்தை முதலில் அங்கே போடுங்கள், சூடு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். பீரோவை இன்றைக்கே சுவரில் இருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள்.