அடிமண்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். கோதுமையில் வடித்த 'இந்தியா பேல் ஏல்' என்று சொல்லி, நண்பர் ஒருவர் ஷ்னைடர் ஆலையின் ஹோப்ஃபென்வைஸே பியரைக் கொடுத்தார். நன்றாகச் சில்லிட வைத்து, அடியில் கிடந்த கலங்கலைக் கொட்டிவிட்டுக் குடித்தேன். கசப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. 1516ஆம் ஆண்டின் பியர் தூய்மைச் சட்டத்தை மறந்து ஜெர்மானியர்களும் அமெரிக்க மோகத்தில் விழுந்துவிட்டார்களா? இதை இந்தியா பேல் ஏல் என்று அழைப்பது சரிதானா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் இதே பியரை நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் சரியா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. லண்டனிலிருந்து இந்தியத் துறைமுகங்களுக்குக் கப்பலேறிய, ஹாப்ஸ் பூ மிகுதியாகச் சேர்த்த ஒரு பியரின் பெயர் இன்று ஒரு வகைக் கசப்பைக் குறிக்கிறது, அவ்வளவுதான். 2007இல் ஷ்னைடரின் ஹான்ஸ் பீட்டர் ட்ரெக்ஸ்லரும் நியூயார்க்கின் புரூக்ளின் ஆலையைச் சேர்ந்த காரெட் ஆலிவரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் ஷ்னைடர் ஆலை இருக்கும் கெல்ஹைமில் வடித்த பியரில் ஊறியது பவேரியாவின் ஹாலர்டாவ் பகுதியில் விளையும் சஃபீர் ஹாப்ஸ். இதில் மோகம் எங்கே இருக்கிறது?

நீங்கள் போற்றும் சட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பார்லி, ஹாப்ஸ், நீர் என்று மூன்றைத்தான் அது சொல்கிறது. கோதுமைக்கு அதில் இடமே இல்லை. அதன் பிறகும் கோதுமை பியர் பிழைத்திருந்தது பிரபுக்களுக்குக் கிடைத்த தனியுரிமையால்தான். 1602இல் அந்த உரிமையை பவேரியாவின் மாக்ஸிமிலியன் கோமகன் தன் வசம் எடுத்துக்கொண்டார். காலப்போக்கில் அந்த பியர் கேட்பாரற்றுப் போனபோது, 1872இல் அரச குடும்பத்திடமிருந்து வடிக்கும் உரிமையைப் பெற்று அதைக் காப்பாற்றியவர் ஜார்ஜ் ஷ்னைடர். அந்தச் சட்டம் பியரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது உயிருள்ள பொருள் என்று அன்று யாருக்கும் தெரியாது, ஆகவே மன்னித்துவிடலாம். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, அடியில் மண்டியாகப் படிந்த அதே ஈஸ்ட்டைக் கழுவுதொட்டியில் கொட்டிய உங்களை எப்படி மன்னிப்பது?

கோபம் வருகிறது, ஏனென்றால் அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கெல்ஹைமில், டானியூப் கரையிலிருந்து நடந்துபோய் ஓர் உணவகத்தில் அமர்ந்து, உங்களைப் போலவே தெளிவை மட்டும் ஊற்றிக்கொண்டேன். பரிமாறிய வயதான அம்மாள் ஒன்றும் பேசாமல் குப்பியை என் கையிலிருந்து வாங்கினார். அடியில் இரண்டு விரற்கடை பியர் மிச்சமிருந்தது. குப்பியைச் சாய்த்து, ஈரமான மேசைமேல் உள்ளங்கையால் மெல்ல முன்னும் பின்னும் உருட்ட, ஒட்டிக்கிடந்த மண்டி மோர்போலக் கலங்கி எழுந்தது. அதை நுரையின் நடுவில் ஊற்றிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். அதுவரை நாவை அறுத்த கசப்பு, அப்போதுதான் சுட்டெடுத்த ரொட்டியின் மணத்தோடு கனிந்து வந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

அந்த பியரில் வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் உண்டாக்குவது ஈஸ்ட்தான். முளைகட்டிய தானியமான மால்ட்டில் உள்ள ஃபெரூலிக் அமிலத்தை அது மாற்றுவதால்தான் கிராம்பு வாசனை பிறக்கிறது. ஹாப்ஸின் ஆரஞ்சுத்தோல் மணம் இவற்றின்மேல் படியும்போதுதான் கோதுமையையும் கசப்பையும் ஏன் சேர்த்தார்கள் என்பது விளங்கும். நீங்களோ கடுங்குளிரில் அந்த மணங்களை எழவிடாமல் செய்து, கசப்பைத் தாங்கும் மண்டியையும் எறிந்துவிட்டு, மிஞ்சியதை வைத்து ஒரு நாட்டின் மரபுக்கே தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

அவசரப்படாமல் இன்னொரு குப்பி வாங்குங்கள். ஹாப்ஸின் மணம் நாளாக ஆக மங்கும் என்பதால் தேதியைப் பார்த்து வாங்குங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடமாவது வெளியே வைத்திருந்து, பிறகு திறவுங்கள். 8.2 சதவீத ஆல்கஹால் உள்ள பியர் என்பதால் ஒருவருக்கு அரைக்குப்பி போதும். அதைக் கொடுத்த நண்பரையே கூப்பிட்டு எதிரில் உட்காரவையுங்கள், மண்டியில் அவருக்கும் பாதி ஊற்றுங்கள்.