'வாடர்' என்று சொன்னது குற்றமா?

கேள்வி: வேலைக்காக வெளிநாட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. வயது 31. ஆபீஸில் நான் ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால், "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்கிறார்கள். வீட்டுக்குப் போன் செய்தால் தங்கச்சி, "என்னக்கா, வாயே மாறிப்போச்சு" என்கிறாள். பேச்சுவாக்கில் 'வாட்டர்' என்பதை 'வாடர்' என்று சொல்லிவிட்டேனாம்! என் பேச்சை மாற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் மாற்றாவிட்டால் வேலையில் பின்தங்கிவிடுவேனோ என்று பயம். ஆக்சென்ட் வகுப்பில் சேரலாமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். யாரோடு நாள் முழுக்கப் பேசுகிறோமோ அவர்கள் பக்கம் நம் பேச்சு கொஞ்சம் சாயத்தான் செய்யும். எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரைகளை ஆராய்ந்து 2000-ல் ஒரு கட்டுரை வந்தது. 1950களில் பேசியதையும் 1980களில் பேசியதையும் ஒப்பிட்டால், அவருடைய உயிரொலிகள் சாதாரண ஜனங்கள் பேசும் பக்கமாக நகர்ந்திருந்தன. ராணியின் ஆங்கிலத்தையே ராணியால் அப்படியே வைத்திருக்க முடியவில்லை. உங்கள் ஒரு 'வாடரை' மன்னித்துவிடலாம்.

ஆபீஸ் விஷயம் வேறு. அங்கே பிரச்சினை உங்கள் ஆக்சென்ட் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆக்சென்ட் கனமாக இருப்பதும் பேச்சு புரியாமல் போவதும் ஒன்றல்ல. கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995-ல் இதைச் சோதித்தார்கள். சீனமொழிக்காரர்களின் ஆங்கிலத்தைக் கேட்டவர்கள், 'ஆக்சென்ட் ரொம்ப அதிகம்' என்று மதிப்பெண் போட்ட வாக்கியங்களில் பலவற்றைக்கூட ஒரு சொல் பிசகாமல் எழுதிக் காட்டினார்கள்.

அப்படியென்றால் உங்களிடம் ஏன் திரும்பக் கேட்கிறார்கள்? என் கதையைச் சொல்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில், ஒரு மீட்டிங்கில் 'டெவலப்மென்ட்' என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் விளங்கவில்லை. எழுந்துபோய்ப் போர்டில் எழுதினேன். "ஓ, டிவெலப்மென்ட்!" என்றார்கள். நான் 'டெ'யில் அழுத்தியிருந்தேன். அவர்கள் 'வெ'யில் அழுத்தி மற்றதையெல்லாம் பாதி விழுங்குகிறார்கள். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று எல்லா எழுத்துக்கும் அதனதன் பங்கைக் கொடுத்துப் பழகிய நாக்கு நமக்கு. ஆங்கிலக் காது அழுத்தம் விழும் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லையே அடையாளம் காண்கிறது. இடம் மாறினால் சொல்லே மாறிவிடும்.

இன்னொன்று காற்று. ஒரு மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பேப்பர்' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் சொன்னால் காகிதம் படபடக்கும். நாம் சொன்னால் பெரும்பாலும் சும்மா நிற்கும். அதனால்தான் பெட்டியை 'பேக்' (pack) பண்ணுங்கள் என்று நாம் சொல்வது அவர்கள் காதில் 'முதுகு' (back) என்று விழுந்துவிடுகிறது. அப்புறம் வேகம். பதற்றத்தில் நாம் எல்லோருமே ஓடுகிறோம், அதை நீங்களே அறிவீர்கள்.

வகுப்புக்கு வருகிறேன். அழுத்தம், நிறுத்தம், இந்தக் காற்று ஆகியவற்றைச் சொல்லித்தந்தால் சேருங்கள். 'ஆறு மாதத்தில் உள்ளூர்க்காரர் மாதிரியே ஆக்கிவிடுவோம்' என்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதுக்கு மேல் அது அபூர்வம், தேவையும் இல்லை. 15 வயதில், 1938-ல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன ஹென்றி கிஸிஞ்சருக்குக் கடைசிவரை ஜெர்மன் சாயல் போகவில்லை. ஒரு வயது இளைய தம்பி வால்டரோ அசல் அமெரிக்கர் மாதிரிப் பேசினார். சாயல் போகாத அண்ணன்தான் 1973-ல் அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சரானார்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆக்சென்ட்டைக் கேட்டதுமே ஆளை எடைபோடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நீங்கள் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் அவர்கள் முகம் சுளிப்பார்கள். அது அவர்கள் காதின் கோளாறு. அதற்கு நீங்கள் வைத்தியம் பார்க்க முடியாது.

அடுத்த முறை யாராவது திரும்பச் சொல்லச் சொன்னால், முழு வாக்கியத்தையும் குரலை உயர்த்திச் சொல்லாதீர்கள். "எந்த வார்த்தை விளங்கவில்லை?" என்று கேளுங்கள். ஒரு மாதம் அவற்றைக் குறித்து வையுங்கள். என் பட்டியல் பதினொரு சொல்லோடு நின்றுவிட்டது. உங்களுடையதை எனக்கு அனுப்புங்களேன், பார்க்க ஆசையாக இருக்கிறது.