கதிரியக்கக் கசடு கண்ணாடியாவது எப்படி?

கேள்வி: மூடப்படும் அணு வளாகங்களில் தேங்கியுள்ள கதிரியக்கக் கசடைக் கண்ணாடியாக மாற்றுகிறார்களாமே? எளிதில் உடையும் கண்ணாடியை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? உருக்கும்போது கதிரியக்கம் அழிந்துவிடுமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: அழியாது. அணுப் பிளவில் உருவாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 கசடில் இருந்தாலும் கண்ணாடியில் இருந்தாலும் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். எந்த உலையாலும் அந்தக் கணக்கை மாற்ற முடியாது. கண்ணாடி தடுப்பது, அது தண்ணீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்குவதை மட்டுமே.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள சவானா ரிவர் வளாகத்தில், அணுகுண்டுக்கான புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய அமிலக் கழிவு, சாதாரண எஃகுத் தொட்டிகளை அரித்துவிடும் என்பதால், அதில் காஸ்டிக் சோடாவைக் கலந்து 51 நிலத்தடித் தொட்டிகளில் நிரப்பினார்கள். அப்போது இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஹைட்ராக்சைடுகளோடு ஸ்ட்ரான்சியமும் புளூட்டோனியமும் அடியில் படிந்தன; சீசியத்தின் பெரும்பகுதி மேலே நின்ற உப்புக் கரைசலிலேயே தங்கிவிட்டது. கசடின் சிக்கல் உண்மையில் இப்படித்தான் பிறந்தது.

1996 முதல் அந்தக் கசடை, கரைசலிலிருந்து தனியே பிரித்த சீசியத்தையும் சேர்த்து, போரானும் சிலிக்காவும் அடங்கிய கண்ணாடித் தூளுடன் கலந்து, சுமார் 1,150 டிகிரி செல்சியஸில் உருக்குகிறார்கள். குளிர்ந்த கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, உருகிய கண்ணாடி கடத்தும். எனவே மின்முனைகளுக்கு இடையே உருகிய குழம்பின் வழியாகவே மின்சாரத்தைச் செலுத்திச் சூட்டைக் காக்கிறார்கள். ஆவியாகும் சீசியம் வெளியேறிவிடாதபடி உலைப்புகையைக் கழுவி வடிகட்டவும் வேண்டும். குழம்பு, 10 அடி உயரமும் 2 அடி விட்டமும் கொண்ட துருப்பிடிக்காத எஃகு உருளைகளில் ஊற்றப்படுகிறது. ஓர் உருளை நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும்.

ஆறும்போது அந்தக் கண்ணாடியில் விரிசல்கள் விழுவது உண்மைதான். ஆனால் கதிரியக்கத் தனிமங்கள், பாட்டிலில் அடைத்த நீரைப் போலக் கண்ணாடிக்குள் தனியாக இல்லாமல், அதன் அணுப் பின்னலிலேயே கலந்திருப்பதால், விரிசல் வழியே கொட்டிவிடுவதில்லை; தண்ணீர் படும் பரப்பு சற்றுக் கூடும், அவ்வளவே.

காலியான தொட்டிகளைச் சிமெண்டுக் கலவையால் நிரப்பி மூடும் பணி 1997-இலேயே தொடங்கிவிட்டது. என் பார்வையில், இதில் வேதியியலைவிட அரசியலே கடினமானது: இத்தகைய கழிவை நிரந்தரமாகப் புதைக்கும் நிலத்தடிக் கிடங்குக்காக 1987-இல் சட்டப்படி குறிக்கப்பட்ட நெவாடாவின் யூக்கா மலைத் திட்டம் உள்ளூர் எதிர்ப்பால் முடங்கிக் கிடப்பதால், நிரப்பிய உருளைகள் சவானா ரிவரிலேயே இருப்பு வைக்கப்பட்டுள்ளன.