முதலில் அத்தைக்கு எக்ஸ்ரே

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் நாய், ஒரு பூனை, நான்கு லவ் பேர்ட்ஸ் இருக்கின்றன. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அத்தை வீட்டில்தான் இருப்பதால் இதுவரை பிரச்சினை இல்லை. பத்து நாளைக்கு முன் மாடியில் நாய் இருக்கும் இடத்தைக் கழுவும்போது வழுக்கி விழுந்துவிட்டார், இன்னும் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறார். அதிலிருந்து எல்லாமே குழப்பம். நாய்க்கு உடம்பு முழுக்க உண்ணி, காய்ச்சலும் இருக்கிறது. பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா? பறவைகளில் ஒன்று இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறது. இதற்கிடையில் மகள் பச்சைக்கிளி வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். எல்லா உயிரையும் ஆரோக்கியமாக வைத்திருக்க வழி சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். கால் மாத்திரையும் கூடாது, குழந்தைகளுக்கான சிரப்பும் கூடாது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்ப் பூனை செத்துவிடும். இந்த நேரத்தில் வேறு யாராவது வீட்டில் மாத்திரையை உடைத்துக்கொண்டிருக்கலாம் என்பதால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நாய்க்கு உண்ணி, பூனைக்குப் பசியில்லை, பறவை இறகை உப்பிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அத்தைக்கு என்ன வயது என்று இல்லை. எந்தப் பக்கமாக விழுந்தார், டாக்டரிடம் போனாரா என்றும் இல்லை. 'சாய்ந்துதான் நடக்கிறார்' என்ற இரண்டே சொல்லில் அவரைக் கடந்து, அடுத்த வரியிலேயே குழப்பத்துக்குப் போய்விட்டீர்கள். அவர் விழுந்தது உங்கள் கடிதத்தில் ஒரு துக்கமாக வரவில்லை. வீட்டு வேலை ஏன் நின்றது என்பதற்கான காரணமாக மட்டுமே வந்திருக்கிறது.

பத்து நாள் கழித்தும் ஒரு வயதான பெண் சாய்ந்து நடந்தால் அது சுளுக்கு என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பின் வலு குறைந்துகொண்டே வரும். விழுந்த வேகத்தில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மெல்லிய விரிசல் விட்டிருக்கலாம். அந்த விரிசலோடு சில நாள் நடமாடவும் முடியும், அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வலி இடுப்பில் தெரியாமல் கவட்டிலோ முழங்காலிலோ தெரியும். வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் எலும்பு விலகிவிட்டால் அறுவை சிகிச்சைதான், பிறகு தேறி நடக்க மாதக்கணக்கில் ஆகும். உங்கள் ஊரிலேயே மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கிறது. நாளைக் காலை லீவு போட்டு அழைத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் தொடர்ந்தால் ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். 'எனக்கு ஒண்ணுமில்லம்மா, நீ வேலைக்குப் போ' என்று அவர் சொல்வார். அந்தத் தலைமுறைப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு நிம்மதியாகக் கிளம்பிப் போகிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

'அத்தை வீட்டில்தான் இருப்பதால் பிரச்சினை இல்லை' என்ற வாக்கியம் எனக்கு வரும் கடிதங்களில் ஏதாவது ஒரு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளை கேட்கும், அப்பா வாங்கி வருவார், ஒரு மாதம் எல்லோரும் கொஞ்சுவார்கள். பிறகு பீ அள்ளுவதும், சோறு வைப்பதும், கூண்டு கழுவுவதும் பாட்டியிடம் போய்ச் சேரும். அந்த நாயை வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் வளர்த்துக் கொடுத்தவர் அவர். வீட்டில் இருக்கிறார் என்பதாலேயே ஓய்வாக இருக்கிறார் என்று ஆகிவிடாது. அழுக்கை அள்ளுவது பாட்டி வேலை என்று உங்கள் பிள்ளைகள் இன்று பார்த்துப் பழகினால், நாளைக்கு உங்களுக்கும் அதே இடத்தைத்தான் கொடுப்பார்கள்.

நாய் ஏன் மாடியில் இருக்கிறது? ஸ்காட்லாந்தின் குளிரில் உருவாக்கிய இனம் அது, உடம்பு முழுக்க அடர்ந்த முடி. தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளம் உள்ளங்காலைச் சுடும், தகர நிழலும் சேர்ந்து காயும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். வெப்பத் தாக்கு வந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். உண்ணிக்கும் அந்த மாடிதான் வசதி. உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாய் மீது கழிப்பதில்லை. ரத்தம் குடித்து உப்பியதும் கீழே விழுந்து, கைப்பிடிச் சுவரின் வெடிப்பிலோ தளத்தின் இடுக்கிலோ ஒளிந்துகொண்டு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை எவ்வளவு குளிப்பாட்டினாலும் சுவரைக் கவனிக்காவிட்டால் அது தீராது. அத்தை வழுக்கியதும் அங்கேதான். தண்ணீர் வடியும் குழாய் வாயருகே பச்சையாகப் பாசி படிந்திருக்கும், அதன்மேல் சோப்புத் தண்ணீர், கையில் வாளி, காலில் செருப்பு இருந்திருக்காது. நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும், குதிகால் வெடிப்பே அந்தக் கிருமிக்குப் போதும். ஆகவே நாய் இன்றைக்கே கீழே வரட்டும், ஹாலில் ஃபேனுக்கு அடியில் படுக்கட்டும். இடமில்லை என்று உங்கள் கணவர் சொன்னால், வாங்கும்போது எந்த இடத்தை நினைத்து வாங்கினார் என்று கேளுங்கள்.

காய்ச்சல் இருப்பதால் நாய்க்கு ரத்தப் பரிசோதனை அவசியம். உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா, பபீசியா போன்ற நோய்கள் தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் அழிக்கும். ஈறு வெளிறியிருக்கிறதா, மூக்கில் ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கொண்டு போங்கள். மாத்திரை மூன்று, நான்கு வாரம்கூடத் தொடரலாம். நாய் எழுந்து வாலாட்டியதும் நிறுத்திவிடாதீர்கள். தினமும் உண்ணி பார்ப்பது உங்கள் பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். காது மடலின் உட்புறம், கால் விரல்களின் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி என்று கையுறை போட்டுத் தடவிப் பார்த்து, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. நாயின் கழுத்தில் விடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனைக்கு விஷம். நாயை நக்கினாலே ஆபத்து. வாங்கும்போதே வீட்டில் பூனை இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பதும் சின்ன விஷயமில்லை. பட்டினி கிடந்தால் அதன் ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஈரலே கெட்டுப்போகும். நாயோடு சேர்த்து அதையும் கொண்டு போங்கள். ஒன்று கேட்கிறேன், அதற்கு இதுவரை தினமும் மீன் ஆய்ந்து வைத்தது யார்? அத்தை விழுந்ததிலிருந்து தட்டில் பால்சோறுதான் விழுகிறது என்றால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் செய்யும். பூனை இறைச்சி தின்னும் பிராணி. டாரின் என்ற சத்து குறைந்தால் அதற்குக் கண்ணும் இதயமும் கெடும். சோற்றில் அது கிடைக்காது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது.

பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் நோய் முற்றியிருக்கிறது என்று பொருள். அந்த ஒன்றைத் தனிக் கூண்டில் கதகதப்பாக வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். கூண்டு சமையலறைப் பக்கம் இருந்தால் இடம் மாற்றுங்கள். நான்ஸ்டிக் தவா காய்ந்து போனால் வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அத்தைக்கு மட்டுமே தெரியும் என்று நினைக்கிறேன். கேட்டு வாங்கி, அடுத்த தேதியை உங்கள் போனிலும் கணவர் போனிலும் குறித்து வையுங்கள். விடியற்காலை நடை கணவருக்கு, பூனைச் சாப்பாடு உங்களுக்கு, கூண்டு மகளுக்கு. அத்தை ஆசைப்பட்டால் பூனையை மடியில் வைத்துக்கொள்ளட்டும், அதற்கு மேல் அவருக்கு ஒரு வேலையும் வேண்டாம்.

பச்சைக்கிளி வேண்டாம். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கூட்டிலிருந்து திருடிய குஞ்சுகளைத்தான் விற்கிறார்கள். மகளிடம் இதை நேராகவே சொல்லுங்கள். நான்கு பறவைகளின் கூண்டை ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் அவளே கழுவட்டும். அப்போதும் இன்னொரு பிராணி வேண்டும் என்று கேட்டால் முதலில் பாட்டியிடம் போய் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.